சூப் கரண்டியைப் பிடித்த பச்சைக் கை

1949 முதல் 1954 வரையிலான ஐந்தரை ஆண்டுகளில் எடெல்கா போட்னார் நாலாயிரம் பிணங்களுக்காவது நீலம் பூசியிருக்கிறார். இது அவரே போட்ட கணக்கு. வாரத்துக்குப் பதினைந்து பிணம், ஈஸ்டர் வாரத்தில் கொஞ்சம் குறைவு. எலும்புக்கூடுகளை அவர் சேர்க்கவில்லை. எலும்புக்கு நீலம் தேவைப்படாது.

வேலை பிரிட்ஜ்போர்ட்டின் மேற்குப் பக்கம், ரயில் பாதையை ஒட்டிய செங்கல் கட்டடத்தின் மூன்றாம் மாடியில். நியூயார்க்கில் எழுதி வரைந்த பேய்க்கதைக் காமிக்ஸ் பக்கங்கள் வண்ணம் பிரிப்பதற்காக இங்கே வரும். ஒரு பக்கத்துக்கு மஞ்சள், சிவப்பு, நீலம் என்று ஊடுருவித் தெரியும் மூன்று தாள்கள். எந்த இடத்தில் எந்த நிறம் அச்சாக வேண்டுமோ, அதற்குரிய தாளில் அந்த இடத்தைத் தூரிகையால் அடைக்க வேண்டும். மூன்று நிறமும் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சானால் முகம் முகமாகவும் ரத்தம் ரத்தமாகவும் வரும். உயிருள்ளவர்களின் தோலுக்குக் கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் சிவப்பு. நீலம் கூடாது. சிவப்பு விடுபட்டு நீலம் சேர்ந்தால் பச்சை. பச்சையானால் ஆள் செத்தாயிற்று என்று பொருள்.

அந்த மாடியில் நாற்பது பெண்கள் இருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் ஹங்கேரிய வீட்டுப் பெண்கள். யாரும் கதைகளைப் படித்ததில்லை. படிக்க நேரமும் இல்லை, ஆசையும் இல்லை. "பக்கத்துல நீலம் நிறைய இருந்தா யாரோ சாகப்போறாங்கன்னு தெரியும். அது போதும் எனக்கு" என்பார் எடெல்கா. 1954 வசந்தத்தில் பாதிரியார் பள்ளி மைதானத்தில் பேய்க் காமிக்ஸ்களைக் குவித்துக் கொளுத்தியபோது, எடெல்காவும் மற்ற தாய்மார்களோடு நின்று வேடிக்கை பார்த்தார். அவர் சொன்ன ஒரே கருத்து, மஞ்சள் முதலில் எரிந்து போனது, நீலம்தான் கடைசிவரை நின்றது என்பது. அதற்குப் பிறகு பேய்கள் ஒழிந்து முயல்கள் வந்தன. 1961-இல் வேலையை விடும்வரை எடெல்கா முயல்களின் கால்சட்டைக்கு நீலம் பூசினார்.

அவரோடு அந்த மேசையில் சிவப்புத் தாளுக்கு உட்கார்ந்தவர் ரோசாலியா. எடெல்காவின் கணவர் பேலாவின் தங்கை. அதாவது நாத்தனார். எடெல்காவை அவர் எட்டுஷ் என்பார், அவரை எடெல்கா ரோஷி என்பார். வண்ணக் குறிப்புத் தாள் மேசைக்கு ஒன்றுதான் வரும். அதில் ஒவ்வொரு இடத்துக்கும் உரிய நிறம் பொடி எழுத்தில் குறித்திருக்கும். ரோசாலியா அதைப் பார்த்து நிறத்தை மட்டும் உரக்கச் சொல்வார், எடெல்கா தலை நிமிராமல் பூசுவார். சொல்வது ஹங்கேரிய மொழியில். மேசைக்கு மேசை இப்படிப் பெண்கள் நிறங்களைக் கூவ, கீழ்த்தளத்தில் இயந்திரம் ஓட, காதில் விழுந்த பாதியை வைத்து மீதியை ஊகித்துக்கொள்வதுதான் தொழில்.

இனி அந்த இரண்டு சொற்கள். ஹங்கேரிய மொழியில் 'கேக்' என்றால் நீலம். 'கேஸ்' என்றால் கை.

1953 டிசம்பரில் 'பாதாளத் தபால்' இதழுக்கு 'சூப் ஆறுகிறது' என்று ஒரு கதை வந்தது, எட்டுப் பக்கம். கணவனை விஷம் வைத்துக் கொன்ற பெண் தினமும் அவனுக்கும் ஒரு தட்டு வைத்துச் சாப்பிட உட்காருகிறாள். கடைசிக் கட்டத்தில் அவள் கரண்டியைத் தூக்குகிறாள், அவ்வளவுதான். அச்சாகி வந்தபோது கரண்டியைப் பிடித்த கை தழைத்த கீரை மாதிரிப் பச்சையாக இருந்தது. முகம் மட்டும் ரோஜா நிறம்.

மேற்பார்வையாளர் கிராண்டல் இருவரையும் அழைத்தார். எடெல்கா, "இவ கேக்னு சொன்னா, நீலம் வெச்சேன்" என்றார். ரோசாலியா, "நான் கேஸ்னு சொன்னேன். இவதான் திருப்பிக் கேக்னு சொன்னா. சரி, இவ பாத்துத்தான் சொல்றான்னு நான் சிவப்பை விட்டுட்டேன்" என்றார். கிராண்டலுக்கு ஹங்கேரியன் தெரியாது. இரண்டு பேரும் ஒரே சொல்லை மாற்றி மாற்றிச் சொல்வதாகத்தான் அவருக்குப் பட்டது. இருவரையும் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்து மேசைக்கு மாற்றினார்.

கேக்கா, கேஸா என்ற வழக்கு அன்றிலிருந்து நடக்கிறது. இருவரும் பேச்சை நிறுத்தவில்லை. அதுதான் கஷ்டம் என்று பேலா சொல்வாராம். சூப்பில் உப்புக் கூடினால், "உப்புன்னு யார் சொன்னா? நான் சொன்னேனா, நீ கேட்டியா?" என்று ஆரம்பிக்கும். குடும்பத்தில் யார் பழியைத் தள்ளிவிட்டாலும் அதற்குப் பெயர் பச்சைக் கை. 1991-இல் பேலா இறந்தபோது சவப்பெட்டிக்கு அருகில் நின்று ரோசாலியா சொன்னது: "பாவம் எங்க அண்ணன், நான் கேஸ்னு சொன்னதை நம்பாமலே போயிட்டாரு."

பேலாவின் இரங்கல் செய்தியில்தான் எடெல்காவின் பெயர் வாழ்க்கையில் முதன்முறையாக அச்சில் வந்தது. 'எத்தல்' என்று வந்தது. அது நான் நிருபராக இருக்கும் உள்ளூர்ப் பத்திரிகைதான். அந்தத் துண்டை அவர் இன்னும் சமையலறை இழுப்பறையில் வைத்திருக்கிறார். காட்டும்போதெல்லாம் என்னைப் பார்க்கிறார்.

2004 அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை வெண்டல் டப்பர் என்பவர் தொலைபேசியில் கூப்பிட்டார். நியூ ஹேவனில் சின்னப் பதிப்பகம் நடத்துகிறார், பழைய பேய்க் காமிக்ஸ்களைத் தேடி எடுத்துக் கெட்டி அட்டையில் மறுபதிப்புப் போடுவது வேலை. கிராண்டலின் மகளிடம் கிடைத்த கிறிஸ்துமஸ் புகைப்படத்தின் பின்னால் பெண்களின் பெயர்களும் மேசை எண்களும் இருந்தன. அப்படித்தான் கண்டுபிடித்தார்.

"மிஸஸ் போட்னார், 'சூப் ஆறுகிறது' கதையில அந்தப் பச்சைக் கை…" என்று ஆரம்பித்தார்.

"அது நான் இல்ல. ரோசாலியா கொம்போஷைக் கேளுங்க" என்று எடெல்கா வைத்துவிட்டார்.

டப்பர் அடுத்து ரோசாலியாவைக் கூப்பிட்டார். "எங்க அண்ணன் பொண்டாட்டியைக் கேளுங்க. அவ காது அப்பவே அப்படித்தான்" என்று ரோசாலியாவும் வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை டப்பர் நேரிலேயே வந்தார். இருவரும் தேவாலயத்தின் அடித்தளச் சமையலறையில் இருந்தார்கள். தேவாலயம் நடத்தும் சந்தைக்காகப் பன்னிரண்டு பெண்கள் வால்நட் ரோல் உருட்டிக்கொண்டிருந்தார்கள். சந்தையைப் பற்றி இருபது வரி எழுத நானும் போயிருந்தேன். டப்பருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்து டையில் சின்னச் சின்ன வௌவால் படங்கள். சமையலறைத் தலைவி பிரோஷ்கா அவரை ஏற இறங்கப் பார்த்து, "சுகாதார இலாகாவா?" என்று கேட்டார்.

டப்பர் மாவு படாத ஓர் இடம் தேடிப் பக்கத்தின் நகலை விரித்தார். பிறகு பேசினார். ஐம்பது ஆண்டுகளாக அந்தக் கையைப் பற்றி வாசகர்கள் விவாதிக்கிறார்களாம். 1971-இல் வேறொரு நிறுவனம் கதையின் தலைப்பை மட்டும் மாற்றி மறுபதிப்புப் போட்டபோது, கை பற்றியே முப்பது கடிதங்கள் வந்தனவாம். 85-இல் இன்னொரு மறுபதிப்பு, இன்னும் கடிதங்கள். உயிரோடிருக்கும் பெண்ணின் கை ஏன் பச்சை? ஏனென்றால் செத்தது கணவன் அல்ல. விஷம் கலந்த தட்டு மாறிவிட்டது. செத்தவள் அவள்தான், அது அவளுக்கே தெரியவில்லை. ஒரு சொல் இல்லாமல், ஒரே ஒரு நிறத்தால் மொத்தக் கதையும் கவிழ்கிறது.

"அந்தக் காலத்துப் பேய்க் காமிக்ஸ்லயே ஒருத்தர் யோசிச்சு எடுத்த ஆகச் சிறந்த வண்ண முடிவு இதுதான்னு நான் முன்னுரையில எழுதியிருக்கேன். பதினாலு பக்கம்" என்றார் டப்பர். "கதை எழுதினவர் கடைசிவரைக்கும் அது தன்னோட யோசனைன்னே சொல்லிட்டிருந்தார். ஆனா மூலப் பிரதியில கைக்குச் சாதாரணத் தோல் நிறம்தான் குறிச்சிருக்கு. மாத்தினது இந்த ஊர்ல ஒரு பொண்ணு. அவங்க பேரைப் புத்தகத்துல போடணும். நாளைக்கு மத்தியானம் அச்சுக்குப் போகுது."

உருட்டுக் கட்டைகள் நின்றுவிட்டன.

எடெல்கா கையைத் துடைத்துக்கொண்டார். "எங்க போடுவீங்க பேரை?"

"முதல் பக்கத்துல. கதை இவர், ஓவியம் இவர், கையின் வண்ணம் இன்னார்னு."

"எழுத்து சரியா வருமா?"

"நீங்க எழுதிக் குடுக்கிறபடியே வரும்."

எடெல்கா மறுபடியும் கையைத் துடைத்தார். நாலாயிரம் பிணங்களில் ஒன்றில்கூட அவர் பெயர் கிடையாது. எழுதினவர் பெயர் இருக்கும், சில சமயம் வரைந்தவர் பெயர் இருக்கும், கல்லறைக் கல்லில் செத்தவன் பெயர்கூட இருக்கும். அவர் பெயர் அச்சில் வந்தது ஒரே ஒரு முறை, அதுவும் எத்தல் என்று.

"நான்தான்" என்றார் எடெல்கா.

"நான்தான்" என்றார் ரோசாலியா அடுப்புப் பக்கமிருந்து.

டப்பர் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். "செவ்வாய்க்கிழமை ரெண்டு பேருமே இல்லைன்னீங்களே."

"செவ்வாய்க்கிழமை நீங்க புகார் சொல்றீங்கன்னு நெனச்சேன்" என்றார் ரோசாலியா. "கேளுங்க தம்பி. நான் கேக்னுதான் சொன்னேன். நீலம்னு. யோசிச்சு, வேணும்னேதான் சொன்னேன்."

"பொய்" என்றார் எடெல்கா. "இவ கேஸ்னுதான் சொன்னா. கைன்னு. என் காதுல மணி மாதிரி விழுந்துச்சு. கைன்னு தெரிஞ்சுதான் நான் நீலம் வெச்சேன். எனக்கே தோணுச்சு."

பிரோஷ்கா கட்டையை மேசையில் வைத்தார். மூத்த பெண்களை அவர் நேனி என்பார், அத்தை என்று பொருள். "நேனி, ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் நிறுத்துங்க. நான் பொறந்ததுலேர்ந்து நீங்க ரெண்டு பேரும் இதுக்கு நேர்மாறால்ல சத்தியம் பண்றீங்க?"

"அப்போ சின்ன வயசு" என்றார் ரோசாலியா.

"நேத்து மாவு சலிக்கும்போதும் பண்ணீங்க."

டப்பர் முகம் வாடிவிட்டது. "யாராவது ஒருத்தர்தான் இருக்க முடியும். முன்னுரை முழுக்க 'ஒரு பெண்'னுதான் வருது. 'ஒரு பெண், ஒரு தூரிகை, ஒரு கணம்'னு ஆரம்பிக்குது."

"தூரிகை ரெண்டு" என்றார் எடெல்கா. "சிவப்பை எடுக்காம நீலத்தை மட்டும் சேர்த்தா கை பச்சையாகாது, கத்திரிக்காய் மாதிரி ஆகும். சிவப்பை விட்டது இவ. நீலம் வெச்சது நான். ஆனா யோசனை என்னது."

"யோசனை என்னது, காது இவளது" என்றார் ரோசாலியா.

சோதித்துப் பார்க்கலாம் என்றது பிரோஷ்காதான். பெரிய மாவுக் கலக்கியை ஓட விட்டார், அச்சகச் சத்தத்துக்கு. ரோசாலியா ஒரு கோடியில், எடெல்கா மறு கோடியில் முதுகைக் காட்டிக்கொண்டு. ரோசாலியா அந்த இரண்டு சொல்லில் ஒன்றைச் சீட்டில் எழுதிவிட்டுச் சொல்வார், எடெல்கா கேட்டதைச் சொல்ல வேண்டும். பத்துத் தடவை. பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். ஊர்வலம், தேர்தல் கூட்டம், தீ விபத்து என்று இந்த ஊரில் நான் பார்க்காத கூட்டம் இல்லை. பன்னிரண்டு பேர் இவ்வளவு கவனமாக நின்று பார்த்ததில்லை.

ரோசாலியாவுக்கு இப்போது முழுச் செயற்கைப் பல். எடெல்காவுக்கு இரண்டு காதிலும் கருவி. கலக்கி ஓடியதும் கருவி கீச்சிட்டது.

"கேஃப்" என்றார் ரோசாலியா.

"என்ன?" என்றார் எடெல்கா.

பத்துத் தடவையும் அதே கேஃப், அதே என்ன. இரண்டு கட்சியும் வெற்றி என்று அறிவித்தன. பிரோஷ்கா கலக்கியை நிறுத்தினார்.

அந்த அமைதியில் டப்பர் நகலை மடிக்கப் போனார். எடெல்கா அதன்மேல் விரலை வைத்தார். கரண்டியைப் பிடித்த அந்தக் கையைச் சற்று நேரம் பார்த்தார். எனக்குத் தெரிந்து அச்சான பக்கத்தை அவர் இவ்வளவு நேரம் பார்த்தது அப்போதுதான்.

"ரோஷி, ஒண்ணு கேக்கறேன். நாலு வருஷம் நீ குறிப்புத் தாளைப் பாத்துச் சொன்னே. சிவப்பு, மஞ்சள், நீலம், அரை நீலம். எப்பவும் நிறத்தைத்தான் சொல்லுவே. ஒரு நாளாவது மூக்குன்னு சொல்லிருக்கியா? தொப்பின்னு சொல்லிருக்கியா?"

"இல்ல."

"அப்போ அன்னிக்கு மட்டும் எதுக்குடி கைன்னு சொன்னே?"

ரோசாலியா ஏப்ரனில் ஒட்டிய மாவை நகத்தால் சுரண்டினார்.

"அன்னிக்கு நான் கண்ணாடி போடல" என்றார்.

"என்னது?"

"கண்ணாடி பைக்குள்ள இருந்துச்சு. எழுத்து ஒண்ணும் தெரியல. கலங்கலா ஒரு கை மாதிரி தெரிஞ்சுது. ஏதாவது சொல்லணுமேன்னு கைன்னு சொன்னேன். நீ நீலமான்னு கேட்டே. உனக்குத் தெரியுதுபோலன்னு விட்டுட்டேன்."

"ஏன் போடல?"

"பத்தரை மணி."

எடெல்காவுக்கு மட்டும் புரிந்தது. "பத்தரை மணிக்குத்தான் காகித வண்டி வரும்."

"ஆமா."

"கொம்போஷ் ஓட்டிட்டு வருவான்."

"ஆமா."

"அந்த ஆளுக்காகவா? என் பேரு அம்பது வருஷம் செவிட்டு எட்டுஷ்னு ஆனது அந்தக் கொம்போஷுக்காகவா?"

"அப்போ அவருக்கு முடி இருந்துச்சு" என்றார் ரோசாலியா.

முதலில் சிரித்தது பிரோஷ்கா. பிறகு அடித்தளம் முழுக்கச் சிரித்தது. எடெல்கா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"ஆக நீ கேஸ்னுதான் சொன்னே."

"சொன்னேன்."

"நான் கேக்னு கேட்டதும் தப்பில்ல. நிறம் வரும்னு காத்திட்டிருந்த காதுல நிறம்தான் விழும்."

"தப்பில்ல" என்றார் ரோசாலியா. இதைச் சொல்ல அவருக்கு ஐம்பது வருடமும் பத்து மாதமும் ஆகியிருக்கிறது. எடெல்கா இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னார். பிரோஷ்காவைச் சாட்சிக்குக் கூப்பிட்டு மூன்றாம் தடவையும் சொல்ல வைத்தார்.

பிறகு டப்பரைப் பார்த்து, "உங்க பதினாலு பக்கத்துல 'ஒரு பெண்' எத்தனை இடத்துல வருது?" என்று கேட்டார்.

டப்பர் அங்கேயே நின்று எண்ணினார். "பதினோரு இடம்."

"பதினோரு இடத்துலயும் 'இரண்டு பெண்கள்'னு போடுங்க. பேரை நான் எழுதித் தரேன், ரெண்டு பேரோடதும். இவ எழுதினா கண்ணாடி இல்லாம எழுதுவா."

"ஆனா… 'முடிவு'ன்னு எழுதியிருக்கேனே. ஆகச் சிறந்த வண்ண முடிவுன்னு. இது வந்து…" டப்பர் அந்தச் சொல்லைத் தேடினார். கிடைத்ததும் சொல்லப் பிடிக்கவில்லை போலிருந்தது.

"முடிவாவே இருக்கட்டும்" என்றார் எடெல்கா. "கண்ணாடி விஷயம் இந்த அடுப்படியோட போகட்டும். அவ புருஷன் உதவாக்கரையா இருந்தாலும் அவ பத்து மணிலேர்ந்து காத்திட்டிருந்தது நெசம்." (இதை எழுதலாமா என்று பின்னால் ரோசாலியாவிடம் கேட்டேன். "எழுதுங்க. கொம்போஷ் போய்ச் சேந்தாச்சு. முடின்னு மட்டும் மறக்காம போடுங்க" என்றார்.)

டப்பர் கிளம்பும் முன் பிரோஷ்கா எட்டுப் பக்கக் கதையையும் உரக்கப் படித்தார். எடெல்காவும் ரோசாலியாவும் அதை அன்றுதான் முதலில் கேட்டார்கள். அடித்தளத்தின் தீர்ப்பு இது: புருஷனைக் கொன்றது சரியா தப்பா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் சூப்பில் மிளகாய்த் தூள் போடாமல் விஷம் போட்டால் எவனுக்கும் தெரிந்துவிடும்.

"அப்போ அந்தப் பொம்பளை செத்துட்டாளா இல்லையா?" என்று டப்பர் தயங்கிக் கேட்டார். அவருக்கு அது நிஜமான கேள்வி.

ரோசாலியா எடெல்காவைப் பார்த்தார். எடெல்கா, "கை செத்துருச்சு. முகம் இன்னும் இல்ல" என்றார். டப்பர் அதைக் குறித்துக்கொண்டார். முன்னுரை பதினைந்து பக்கமானது அப்படித்தான்.

நவம்பர் கடைசியில் புத்தகம் வந்தது. எடெல்கா அதை இழுப்பறைத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தார். கையின் வண்ணம்: ரோசாலியா கொம்போஷ், எடெல்கா போட்னார். இரண்டு பெயரிலும் தவறில்லை. நாத்தனார் பெயரை முன்னால் எழுதிக் கொடுத்தது அவரேதான். ஏன் என்று கேட்டேன். "மேசையில அவ இடது பக்கம்" என்றார்.

பிறகு அறுபத்தோராம் பக்கத்தைத் திருப்பினார். ரோசாலியா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

கரண்டியைப் பிடித்த கை நல்ல ரோஜா நிறத்தில் இருந்தது. முகத்துக்கு எவ்வளவு பொருந்தவேண்டுமோ அவ்வளவு பொருத்தம். பழைய அச்சின் கறைகளைக் கணினியில் நீக்கும் வேலையிலிருந்த ஆள், பச்சைக் கையைப் பார்த்து அச்சுப் பிழை என்று நினைத்துத் திருத்தியிருக்கிறார். முன்னுரையை அவர் படிக்கவில்லை. அவருக்கும் படிக்க நேரமில்லை.

"இது நான் இல்ல" என்றார் ரோசாலியா.

"நானும் இல்ல" என்றார் எடெல்கா.

அன்று மாலையே டப்பர் தொலைபேசியில் அழாக்குறையாக மன்னிப்புக் கேட்டார். பிப்ரவரியில் இரண்டாம் பதிப்பு வருகிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை காலை அவர் காரோடு வந்து இருவரையும் நியூ ஹேவனுக்கு அழைத்துப் போகிறார், கையைத் திரும்பப் பச்சையாக்க. வண்ணக் குறிப்பை உரக்க வாசிக்கப்போவது ரோசாலியா.